'லாம்', 'வேண்டும்': ஆங்கிலத் துணைவினைகளில் ஒரு பயிற்சி

ஆங்கிலம் கற்கும் நம் இல்லத்துப் பிள்ளைகளும், மக்களுடன் வெளிநாடு சென்று தங்கும் முதியோரும் பெரிய சொற்களின் பொருளை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். இடறுவது சிறு சொற்களில்தான். கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், ஷல், வில், உட் என்னும் ஒன்பது துணைவினைகள் அவற்றுள் தலையானவை. ஒரு செயல் இயலுமா, தகுமா, கட்டாயமா, ஐயத்திற்கு உரியதா என்னும் பேசுவோரின் கருத்தை இவையே தாங்கி நிற்கின்றன.

வடிவ இலக்கணத்தைச் சில வரிகளில் முடித்துவிடலாம். எழுவாய் எதுவாயினும் இவை மாறா. 'ஷி கேன்ஸ்' என்னும் வழக்கு இல்லை. இவற்றின்பின் வினையின் இயல்பு வடிவம் மட்டுமே வரும். 'மஸ்ட் டு கோ' என்பது பிழை. வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன்னே செல்லும். எதிர்மறையில் 'நாட்' அதன்பின்னே சேரும். இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் கற்கத்தக்கது. இடரெல்லாம் பொருளில் உள்ளது.

தமிழில் 'லாம்' என்னும் ஈறு இரு தொழில் செய்கிறது. 'நீ உள்ளே வரலாம்' என்பது இசைவு. 'இன்று மழை வரலாம்' என்பது ஐயம். ஆங்கிலத்தில் 'மே' என்பதும் அவ்வாறே. கடையில் வாங்கும் பிஸ்கட் உறையில் 'மே கன்டெய்ன் எக்' என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். இங்குள்ள 'மே' இசைவு குறித்ததன்று. சேர்மானமாக முட்டை இடப்படவில்லை. ஆயினும் அதே ஆலையில் முட்டை கலந்த பண்டமும் செய்யப்படுவது போன்ற காரணத்தால் சிறிது கலந்திருக்கக்கூடும் என்பதே கருத்து. ஒவ்வாமை உடையோரை எச்சரிக்கவே இது முதலில் அச்சிடப்படுகிறது. 'மே' நீங்கி 'கன்டெய்ன்ஸ் எக்' என்று இருப்பின் முட்டை உறுதியாக உண்டு. வாங்குவதும் விடுவதும் அவரவர் நெறி. முடிவு செய்யுமுன் அச்சொல் விளங்கியிருத்தல் வேண்டும்.

'மே' என்பதற்கு மூன்றாவது தொழிலும் உண்டு. 'மே யூ லிவ் லாங்' என்பதில் அது வாக்கியத்தின் தலையில் நின்று வாழ்த்துகிறது. பவணந்தி முனிவரின் நன்னூலில் வியங்கோள் பயின்றவர்க்கு இது புதிதன்று. 'நீடு வாழ்க' என்பதே அது.

இனி, நாம் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது 'மஸ்ட் நாட்' என்பதை. 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்' என்று கற்ற பிள்ளை, 'மஸ்ட் நாட்' என்றால் 'வேண்டியதில்லை' என்று கணக்கிடுகிறது. கணக்கு முறையானதே, மொழி அவ்வழியில் செல்லவில்லை. 'மஸ்ட் நாட்' என்பது 'கூடாது'. 'வேண்டியதில்லை' என்பதற்கு 'நீட் நாட்' அல்லது 'டோன்ட் ஹேவ் டு' என்றே கூறவேண்டும். மருத்துவர் 'யூ மஸ்ட் நாட் ஸ்டாப் திஸ் டேப்லெட்' என்கிறார். இம்மாத்திரையை நிறுத்தவே கூடாது என்பது அவர் ஆணை. கேட்டவர் 'நிறுத்த வேண்டியதில்லையாம், விருப்பம்போல் செய்யலாம்' என்று கொண்டால் விளைவு என்னாகும்? துணைக்குச் செல்லும் பேரப்பிள்ளை இந்த ஒரு வேறுபாட்டையேனும் அறிந்திருத்தல் நன்று.

பணிவு குறித்தும் ஒரு சொல். தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என மதிப்பைப் பெயரிலேயே வைத்துள்ளோம். ஆங்கிலத்தில் அனைவர்க்கும் 'யூ' ஒன்றே. ஆகவே மதிப்பின் சுமையில் ஒரு பங்கைத் துணைவினை சுமக்கிறது. 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகாலம் என்று மட்டும் கற்று வந்த பயிற்சி ஆசிரியர்கள், 'குட் யூ ஹெல்ப் மீ' என்பதில் இறந்தகாலம் எங்கே என்று நம்மை வினவியதுண்டு. நல்ல வினா. அங்கே காலம் இல்லை, பணிவே உள்ளது. விடுப்பு வேண்டும் கடிதத்தில் 'யூ மஸ்ட் கிவ் மீ லீவ்' என்று எழுதுவது தலைமையாசிரியர்க்கே கட்டளையிடுவதாகும். 'குட் யூ கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்பதே தகும்.

'அவளுக்கு நீந்தத் தெரியும்' என்பதை 'ஷி நோஸ் ஸ்விம்மிங்' என்று எழுதுவோர் பலர். 'ஷி கேன் ஸ்விம்' என்பது நேரியது. பழைய ஆங்கிலத்தில் 'கேன்' என்பதன் மூலச்சொல்லுக்கு அறிதல் என்பதே பொருள் என்பதை எண்ணினால் இரு மொழிகளும் இங்கே தொலைவில் இல்லை என்பது புலப்படும்.

தமிழே இருபொருள்படும் இடம் ஒன்றுண்டு. 'தம்பி நேற்றே வந்திருக்க வேண்டும்.' வரவில்லையே என்னும் குறை ஒரு பொருள். வாயிலில் செருப்பைக் கண்டு, வந்துவிட்டான் என்று உய்த்துணர்வது மற்றொரு பொருள். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடும். குறைக்கு 'ஷுட் ஹேவ் கம்'. உய்த்துணர்வுக்கு 'மஸ்ட் ஹேவ் கம்'. வந்திருக்க இயலாது என்று உய்த்துணர்ந்தால் 'மஸ்ட் நாட்' வாராது. 'கான்ட் ஹேவ் கம்' என்க. கடந்த காலக் கட்டாயத்திற்கோ 'ஹேட் டு' வரும்: 'ஐ ஹேட் டு கோ', நான் செல்ல வேண்டியிருந்தது.

இல்லத்தில் ஒருவர் தமிழில் கூற, மற்றவர் ஆங்கிலத்தில் மறுமொழி தருமாறு பயில்க. 'பாட்டியால் இப்படிகளில் ஏற முடியாது' என்பதற்கு 'கிராண்ட்மதர் கான்ட் கிளைம்ப் தீஸ் ஸ்டெப்ஸ்'. 'நாளை நீங்கள் வர வேண்டியதில்லை': 'யூ நீட் நாட் கம் டுமாரோ'. 'இந்நீரைக் குடிக்கக் கூடாது': 'யூ மஸ்ட் நாட் டிரிங்க் திஸ் வாட்டர்'. 'கடிதம் தொலைந்திருக்கலாம்': 'தி லெட்டர் மே ஹேவ் பீன் லாஸ்ட்'. இறுதியாக, 'தாத்தா மருந்து உண்டிருக்க வேண்டும்' என்று ஒருவர் கூறட்டும். இதற்கு உடனே விடை எழுதற்க. 'உண்டாரா, இல்லையா?' என்று கூறியவரையே கேட்டறிந்து, அதன்பின் 'மஸ்ட் ஹேவ்' என்றோ 'ஷுட் ஹேவ்' என்றோ எழுதுக.