நிரல் பொது, பெயர் தனி

அன்புள்ள தம்பிக்கு,

திறமூல மென்பொருள்களுக்குச் சுவரொட்டியும் டி-ஷர்ட்டும் வலைப்பக்கமும் வடிவமைக்க வரும் இளைஞர்களை ஒரு கேள்வி குடையாமல் விடுவதில்லை. மூலநிரல் முழுவதையும் எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று, வேண்டுமானால் விற்றுக் காசு பார் என்று கதவை அகலத் திறந்து வைக்கும் ஓர் அறக்கட்டளை, லோகோவின் நிறத்தை லேசாகத் தொட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறது? ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொள்வது போல இல்லையா?

இதற்குப் பதில் தேடுகிறவர்கள் டெபியனுக்கும் மொசில்லாவுக்கும் இடையே நடந்த தகராறைத்தான் முதலில் படிக்க வேண்டும். டெபியன் தன்னார்வலர்கள் கட்டிக்காக்கும் லினக்ஸ் வழங்கல். தன் தொகுப்பில் சேரும் ஒவ்வொன்றும் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் கறார். மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் அந்தத் தேர்வில் தேறியது. பூமிப்பந்தைச் சுற்றிப் படுத்திருக்கும் செந்நிற நரியின் படம் தேறவில்லை. அந்தப் படத்தின் பதிப்புரிமையை மொசில்லா அப்போது திறந்துவிடவில்லை. ஆகவே டெபியன் படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. 2006இல் மொசில்லா தரப்பில் ஒருவர் டெபியனின் வழுப் பட்டியலுக்கே வந்து புகாரைப் பதிந்தார். பெயர் வேண்டும் என்றால் படமும் கூடவே வரவேண்டும். நிரலில் செய்யும் திருத்தங்களையும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார். டெபியன் இரண்டுக்கும் மசியவில்லை. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் பதிப்பில் அதே உலாவி ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில் இருந்தது. பெயரிலேயே கேலி தெரியும். தண்டர்பேர்ட் ‘ஐஸ்டவ்’ ஆனது. 2016இல்தான் இரு தரப்பும் சமாதானமாகி, டெபியனில் ஃபயர்ஃபாக்ஸ் தன் பெயரோடும் முகத்தோடும் திரும்பியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு. சண்டை நடந்த அத்தனை ஆண்டுகளிலும் டெபியன் உலாவியின் நிரலைப் பயன்படுத்துவதை ஒருவரும் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. பறிபோனது பெயர் மட்டும்தான். டெபியனும் கெஞ்சவில்லை, திருட்டுத்தனமாகப் பெயரை ஒட்டிக்கொள்ளவும் இல்லை. புதுப்பெயர் சூட்டிவிட்டு வேலையைப் பார்த்தது. சொல்லப்போனால் ஃபயர்ஃபாக்ஸே இரண்டு முறை பெயர் மாறிய பிள்ளை. முதலில் அது ‘ஃபீனிக்ஸ்’. ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் முத்திரையோடு மோதியதால் 2003இல் ‘ஃபயர்பேர்ட்’ ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே இருந்த ஒரு தரவுத்தளத் திட்டத்தார் கொதித்தெழவே, 2004 பிப்ரவரியில் இன்றைய பெயருக்கு வந்து சேர்ந்தது.

உரிமத்தை வரிவரியாகப் படித்தால் இது புதிராகத் தெரியாது. அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்பில் 6ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: நிரலின் தோற்றுவாயைச் சொல்வதற்கு வழக்கமாகத் தேவைப்படும் அளவைத் தாண்டி, வர்த்தகப் பெயர்களுக்கோ முத்திரைகளுக்கோ இந்த உரிமம் அனுமதி தரவில்லை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, முத்திரை உரிமை கிடையாது என்று நிபந்தனை சேர்த்துக்கொள்ள நிரலாசிரியருக்கு இடம் தருகிறது. எம்ஐடி உரிமம் முத்திரையைப் பற்றி மூச்சே விடவில்லை. மூச்சு விடாததை அனுமதி என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். ஒரு லோகோ கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது என்பதும் கதையின் பாதிதான். பதிப்புரிமை அந்தப் படத்தைப் படமாகப் பார்க்கிறது. முத்திரைச் சட்டமோ, அது யாரை அடையாளம் காட்டுகிறது என்று பார்க்கிறது. முதலாவதில் கதவு திறந்திருந்தாலும் இரண்டாவதில் தாழ் போட்டிருக்கலாம்.

அந்தத் தாழ் எதற்கு என்று கேட்பவருக்கு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளுக்கு 2015 மே மாதம் நேர்ந்ததைக் காட்டலாம். விண்டோஸுக்கான கிம்ப் நிறுவியை வைத்திருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் கணக்கு, அதைப் பராமரித்தவரின் கையை விட்டுப் போனது. அதன் வழியே வந்த நிறுவியில் விளம்பர மென்பொருள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. நிரலைப் பொதிந்து விநியோகிப்பதை ஜிபிஎல் தடுக்காது. காசு வாங்கக்கூட அனுமதிக்கும். ஆனால் அந்தப் பொதியில் கிம்ப் என்ற பெயரைப் பார்க்கிற சாதாரண மனிதர், அதை உண்டாக்கியவர்களை நம்பித்தான் ‘நிறுவு’ பொத்தானை அழுத்துகிறார். அந்த நம்பிக்கையைக் காக்கத் திறமூல உலகத்தின் கையில் இருக்கும் ஒரே சட்டக் கருவி முத்திரைதான். எரிச்சலூட்டும் லோகோ விதிகள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டால் விதிகளைப் பாதி ஊகித்துவிடலாம். அமெரிக்காவில் ‘நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்’ என்ற பாட்டுக் குழு இரண்டு பத்திரிகைகள் மீது வழக்குத் தொடுத்தது. குழுவில் யார் உங்களுக்குப் பிடித்தவர் என்று கட்டணத் தொலைபேசியில் வாக்கெடுப்பு நடத்தியது குற்றமாம். 1992இல் நீதிமன்றம் பத்திரிகைகள் பக்கம் நின்றது. பெயரைச் சொல்லாமல் அந்தப் பொருளைக் குறிக்க வேறு வழி இல்லை என்றால் சொல்லலாம். குறிப்பதற்குத் தேவையான அளவு மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளரின் ஆதரவு இருப்பதாகத் தோன்றக் கூடாது. இந்த மூன்று சோதனைகளும் இன்றைய அறக்கட்டளைகளின் கொள்கைகள் பலவற்றில் ஏதோ ஓர் உருவில் வந்துபோகின்றன. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம், 30ஆம் பிரிவில், நேர்மையான பயன்பாட்டுக்குத் தன் பாணியில் இடம் விடுகிறது. இரண்டாவது சோதனையை வடிவமைப்பாளர் இரண்டு தடவை படிக்க வேண்டும். “எங்கள் கருவி பைத்தானில் எழுதப்பட்டது” என்று சொல்லப் பைத்தான் என்ற பெயர் போதும்; பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு பாம்புகள் தேவையில்லை. காவல் நிலையத்துக்கு வழி சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வழி சொன்னால் கேட்பவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார்.

வாக்கியத்துக்குள் பெயர் வந்தால் பெரும்பாலும் வம்பில்லை. பெயர்ப்பலகைக்கு ஏறும்போதுதான் தகராறு. 2010இல் ஆட்டோமாட்டிக் நிறுவனம் வேர்ட்பிரஸ் முத்திரையை வேர்ட்பிரஸ் அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுத்தது. வலைமுகவரியில் ‘வேர்ட்பிரஸ்’ என்ற முழுப்பெயரை வைக்கக் கூடாது, ‘டபிள்யூபி’ என்ற சுருக்கம் முத்திரைக்குள் வராது என்பது அங்கே பலகாலம் நிலவிய விதி. பிளக்இன் எழுதும் எத்தனையோ சிறு கடைகள் அந்தச் சுருக்கத்தை நம்பித்தான் பெயர் வைத்தன. 2024 செப்டம்பரில் டபிள்யூபி எஞ்சின் என்ற பெரிய நிறுவனத்தோடு மோதல் முற்றியது. வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக், தன் தாயாரே அதை அதிகாரபூர்வ நிறுவனம் என்று நினைத்துக் குழம்பினார் என்று எழுதினார். சுருக்கத்தையும் மக்கள் குழம்பும்படி பயன்படுத்தாதீர்கள் என்று கொள்கையின் வாசகமும் மாறியது. மறுமாதமே விவகாரம் நீதிமன்றம் ஏறியது. எவர் வென்றாலும் உன் மேஜைக்கு இதிலிருந்து ஒரு தகவல் உண்டு: கொள்கைப் பக்கத்தைப் படித்த தேதியைக் குறித்து, ஒரு பிரதியையும் கோப்பில் போட்டு வை. அந்தப் பக்கங்கள் மாறக்கூடியவை.

இன்னொரு கோடிக்குப் போனவர்களும் உண்டு. ரெட் ஹேட்டின் நிரலைக் கொண்டே உருவான சென்ட்ஓஎஸ் குழுவுக்கு 2005இல் அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்தது. அதன்பின் அவர்கள் ரெட் ஹேட் என்ற பெயரையே உச்சரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். “வட அமெரிக்காவின் பிரபலமான நிறுவன லினக்ஸ் விற்பனையாளர் ஒருவர்” என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். கணவன் பெயரைச் சொல்லாத அந்தக்காலப் பெண்மணிகள் தோற்றார்கள். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு பயம் தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

லோகோவுக்கு வருவோம். உன் கை துறுதுறுப்பது அங்கேதான். நீட்டாதே, சாய்க்காதே, நிறம் மாற்றாதே, சுற்றிலும் இவ்வளவு வெற்றிடம் விடு என்ற விதிகள் பெரிய நிறுவனங்களின் கையேடுகளில் உள்ளவைதாம். அவற்றைக் கடைப்பிடிப்பதில் சிரமமில்லை. அறக்கட்டளைகளில் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரே திட்டத்துக்கு இரண்டு லோகோக்கள் இருக்கலாம் என்பது. டெபியனின் சுழி எல்லோருக்கும். அதே சுழி குப்பியின் வாயிலிருந்து எழும் வடிவம் டெபியனின் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். அப்பாச்சி திட்டங்களை வைத்துப் பொருள் செய்பவர்களுக்கு, ‘இதன் ஆற்றலில் இயங்குவது’ என்று அறிவிக்கும் தனி லோகோக்கள் இருக்கின்றன. குபெர்நெட்டிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 2017 நவம்பரிலிருந்து ஒத்திசைவுச் சோதனையில் தேறிய வழங்கல்களுக்குச் சான்று முத்திரை கொடுக்கிறது. வாடிக்கையாளர் “அந்த முத்திரையையும் பக்கத்தில் போட்டுவிடு” என்றால், தேறியதற்கு ஆதாரம் கேட்பது உன் வேலை.

கற்பனைக்குத் தீனி வேண்டும் என்றால் லோகோவை விட்டுவிட்டுச் செல்லப்பிராணியைப் பிடி. 1996இல் லாரி யூயிங் வரைந்த லினக்ஸ் பென்குவின் டக்ஸை, வரைந்தவரையும் கிம்ப் மென்பொருளையும் குறிப்பிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த கோ மொழியின் கோஃபரும் பெயர் குறிப்பிட்டால் கிடைக்கும். ரஸ்ட் மொழியின் நண்டு ஃபெர்ரிஸ், எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவெளியில் விடப்பட்ட உயிர். அதற்கு வேட்டி கட்டி, கையில் ஃபில்டர் காபியும் கொடுக்கலாம். எல்லாப் பிராணிகளும் இப்படி அவிழ்த்துவிடப்பட்டவை அல்ல: பிஎஸ்டியின் குட்டிச் சாத்தானுக்குப் பதிப்புரிமை கிர்க் மெக்கியூசிக்கிடம் இருக்கிறது.

அறக்கட்டளைகள் எப்போதும் சரியாகவே நடந்துகொள்கின்றன என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஏப்ரலில் ரஸ்ட் அறக்கட்டளை ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டது. ரஸ்ட் பெயரைத் தாங்கும் நிகழ்ச்சிகளில் துப்பாக்கி கொண்டுவரத் தடை இருக்க வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. இத்தனை காலம் அந்தப் பெயரைத் தூக்கிச் சுமந்தவர்கள் தங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்துக் கொந்தளித்தார்கள். ‘கிராப்லேங்’ என்று ஒரு கிளையே முளைத்தது. அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டு, வரைவைத் திரும்ப எழுத உட்கார்ந்தது. அதற்கு நேர்மாறாக, 2014இல் விக்கிமீடியா அறக்கட்டளை பங்களிப்பாளர்களோடு கலந்து பேசியே தன் கொள்கையை எழுதியது. தொகுத்தல் விழா, பயிலரங்கு போன்றவற்றுக்குக் கேட்காமலே முத்திரையைப் பயன்படுத்தலாம் என்று அது சொல்கிறது. தமிழின் ‘வி’யையும் ஒரு துண்டில் தாங்கும் அந்தப் புதிர்ப்பந்தைத் தமிழ் விக்கிப்பீடியா பயிலரங்கின் சுவரொட்டியில் நீ தயங்காமல் வைக்கலாம்; சட்டையில் அச்சிட்டு விற்கத்தான் அனுமதி வேண்டும்.

இவர்கள் முத்திரையைக் கட்டிக்கொண்டு அழ இன்னொரு காரணமும் இருக்கிறது: விட்டால் வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். லினக்ஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் 1994இல் அந்தப் பெயருக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்துப் பதிவும் வாங்கி, பிறகு நிறுவனங்களிடம் பங்குத் தொகை கேட்டுக் கடிதம் அனுப்பினார். வழக்குக்குப் பின் 1997இல்தான் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. 2014இல் குரூப்பான் நிறுவனம் தன் கடைக்கணக்குக் கருவிக்கு ‘க்னோம்’ என்று பெயர் சூட்டி, மொத்தம் 28 விண்ணப்பங்கள் போட்டிருந்தது. முதல் பத்தை எதிர்க்க மட்டும் 80,000 டாலர் வேண்டும் என்று, அதே பெயரில் ஏற்கெனவே திறமூலத் திட்டம் நடத்திவந்த க்னோம் அறக்கட்டளை கையேந்தியது. வசூல் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது; குரூப்பான் பின்வாங்கியது. நன்கொடையில் ஓடும் அமைப்புக்கு இது சின்னச் செலவு அல்ல.

ஆகவே அனுமதி கேட்டு எழுதும்போது எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதை மனதில் வை. அப்பாச்சியில் அந்தந்தத் திட்டத்தின் குழுவே முதல் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் அஞ்சல் திறப்பவர்கள். “உங்கள் லோகோவைப் பயன்படுத்தலாமா?” என்ற ஒற்றை வரிக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. வடிவத்தின் கோப்பை இணை. எங்கே, எத்தனை பிரதி, விற்பனையா இலவசமா, செலவு யாருடையது, வேறு எந்த நிறுவனத்தின் லோகோ பக்கத்தில் வருகிறது என்று எழுது. அச்சகத்துக்குக் கோப்பு போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சில வாரம் முன்பே அனுப்பு. பதில் வருவதற்குள் நாள் நெருங்கிவிட்டால், பெயர் மட்டும் சாதாரண எழுத்தில் வரும் இன்னொரு வடிவம் தயாராக இருக்கட்டும். அச்சகத்தார் அதை வாங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்