குரலைக் காக்கும் நாடா
வாய்மொழிப் பாடல்கள் ஏட்டில் எழுதப்பெறாமல் மக்கள் நாவில் வாழ்பவை. அவற்றைத் திரட்டும் களப்பணியை எளிதாக்கியது, 1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை. பின்னர் ஒலிப்பதிவுக் கருவி சட்டைப்பையிலும் அடங்கலாயிற்று.

திருச்சிராப்பள்ளி மாணவர் ஒருவர், ஆடிப்பெருக்கன்று திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் மூதாட்டி ஒருவரின் காவிரிப் பாடலைப் பதிவதாகக் கொள்வோம். அவருடைய ஒப்புதலைப் பெற்றபின், பதிவுப் பொத்தானையும் இயக்கப் பொத்தானையும் ஒருசேர அழுத்த வேண்டும். நாடாவின் தொடக்கப்பகுதி ஒலியை ஏற்காது. சில நொடிகள் கழித்து, பாடுபவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கூறுதல் வேண்டும். 60 நிமிட நாடாவின் ஒரு பக்கம் 30 நிமிடமே ஓடும்.

பதிந்த நாடாவில் மீண்டும் பதிந்தால் முந்தைய ஒலி அழியும். ஆதலால், பணி முடிந்ததும் பேழையின் பின்விளிம்பிலுள்ள சிறு தகடுகளை முறித்துவிட வேண்டும். பாடியவர் மறைந்தபின் அக்குரலை மீண்டும் பெற இயலாதன்றோ?