ஒலிக்கலவைப் பலகை

ஏ. ஆர். ரகுமான் தம் கோடம்பாக்கம் வீட்டையொட்டி 1989இல் ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளியான ‘ரோஜா’வின் பாடல்கள் அங்கேயே உருவாயின. நாமும் வீட்டில் ஒலிப்பதிவு செய்ய விரும்பினால், பழைய அனலாக் மிக்ஸர் ஒன்று உதவும்.

மைக் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டே. மிக்ஸர் அதைப் பெருக்குகிறது. குரல், வீணை, மிருதங்கம் ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து ஒன்றாகக் கலக்கிறது. இதனால், தாளத்தில் அமிழ்ந்துபோகும் மெல்லிய குரலும் கேட்கும்.

நம் பட்டினப்பாக்கத்துக் கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும். ஆகவே வாங்குமுன் எல்லாக் குமிழ்களையும் திருகி, ஃபேடர்களை மேலும் கீழும் நகர்த்திக் கேட்போம். கரகரத்தால் உள்ளே தூசியோ அரிப்போ இருக்கலாம். துடைத்தும் தீராவிடில், உதிரி பாகம் கிடைக்குமா என விசாரித்த பின்னரே விலை பேசுவோம். பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணமல்லவா!