பழங்குடிக் குழந்தைகளும் கைப்பேசிச் செயலியும்

குழந்தையின் ஊட்டச்சத்துக் குறைவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வளராத குழந்தையைப் பார்த்து, "அப்பாவைப் போலக் குள்ளம்" என்று சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பழங்குடியினரிடையே இது 40.9 விழுக்காடாகும். கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் குடியிருப்புகளில் 2013ஆம் ஆண்டு பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது இக்குறை பரவலாகப் பேசப்பட்டது.

இதனைக் கண்காணிக்க இந்திய அரசு 2021இல் 'போஷண் டிராக்கர்' என்னும் கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் எடையையும் உயரத்தையும் பதிகிறார். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுடன் செயலி அவற்றை ஒப்பிடுகிறது. ஏட்டில் கோடு வரைந்து பார்த்த வேலை இன்று நொடியில் முடிகிறது.

ஆயினும், கொடுத்த எண்ணைக் கொண்டுதான் செயலி கணக்குப் போடும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். படுக்க வைத்து அளந்தால் 80 செ.மீ. நீளமுள்ள ஓர் ஆண்குழந்தை. வயது 20 மாதம் என்றால் எல்லை 78.6 செ.மீ.; குழந்தை தேறிவிடும். வயது 23 மாதம் என்றால் எல்லை 81.0 செ.மீ.; அதே குழந்தை வளர்ச்சி குன்றியதாகிவிடும். வீட்டிலேயே பிறந்து, பிறந்த தேதி எழுதப்படாத குழந்தைக்கு அந்த மூன்று மாதக் கணக்கை யார் சொல்வது? அளக்கும் முறையும் முக்கியம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்தே அளக்க வேண்டும். நிற்க வைத்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைந்துவிடும்.

எனவே, செயலியோடு மேற்கைச் சுற்றளவு நாடாவும் பணியாளர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை 11.5 செ.மீ.க்குக் கீழிருந்தால் நாடா சிவப்பைக் காட்டும். அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. இதற்குப் பிறந்த தேதியும் வேண்டாம், இணையத் தொடர்பும் வேண்டாம்.

கண்டறிந்த பின் என்ன செய்கிறோம் என்பதே அடுத்த கேள்வி. உடல் வீங்கிய குழந்தையையும் உண்ண மறுக்கும் குழந்தையையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தாயோ ஒரு நாள் கூலியை விட்டு, மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்து மலையிறங்க வேண்டும். பேருந்துச் செலவும் அவள் கூலியும் செயலியின் கணக்கில் இல்லை. மேலும், வீட்டிற்குக் கொடுக்கும் சத்துணவைப் பெற 2025 ஜூலை முதல் முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. அலைவரிசை எட்டாத ஊரில் சரிபார்ப்பு தடைப்பட்டால், அதற்காகக் குழந்தையின் உணவு நின்றுவிடக் கூடாது.

இத்தகைய செயலியின் வெற்றியை, குறையுள்ளதாகக் கண்டறிந்த குழந்தைகளில் எத்தனை பேர் எடை தேறினார்கள் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என நான் கருதுகிறேன். கணினித்துறை பயிலும் நண்பர்களே, நாளை நீங்கள் இப்படியொரு செயலியை எழுத நேர்ந்தால், அது இணையமின்றியும் இயங்கட்டும். இருளத் தாய்க்கு அவள் மொழியிலேயே பேசட்டும்.