பாதியில் நின்ற விண்டோஸ் நிறுவல்: பழுதைக் கண்டறிந்து நீக்கும் முறை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடித்துக்கொண்டதால், விண்டோஸ் 11-ஐப் பென்டிரைவ் வழியாகத் தாமே நிறுவிக்கொள்ளும் வேலை பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வேலை பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலோர் பென்டிரைவை அழித்து, மீண்டும் தயாரித்து, முதலிலிருந்து அதே வழியில் முயல்கின்றனர்; பழுது இருந்த இடத்திலேயே இருப்பதால் மூன்றாம் முறையும் நிறுவல் அதே திரையில் நிற்கிறது. கணினி பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் கட்டம், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டம், கோப்புகள் படியெடுக்கப்படும் கட்டம், மறுதொடக்கத்துக்குப் பிந்தைய கட்டம் என நிறுவலை நான்காகப் பிரித்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிழைச் செய்தி தோன்றியவுடன், எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன், அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம்.

டிஸ்க்கில் குடும்பப் படங்களோ ஆவணங்களோ இருந்தால், பழுது நீக்கும் எந்த முயற்சிக்கும் முன்பு அவை வெளியே எடுக்கப்பட வேண்டும். பழைய விண்டோஸ் இயங்காத நிலையில், உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை மற்றொரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கி, கோப்புகளை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் செயலில் இருந்த டிஸ்க் என்றால், 48 இலக்க மீட்புத் திறவுகோல் இல்லாமல் அது திறக்காது. அத்திறவுகோல் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

முதற்கட்டத்தில் எழும் பழுதுகள் எளியவை. பென்டிரைவ் பூட் ஆகவில்லை எனில், அதில் ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பு அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலையோ ரூஃபஸ் என்னும் மென்பொருளையோ கொண்டு அதை முறைப்படி எழுதினால் போதும். இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது என்று திரை அறிவித்தால், அந்த இயங்குதளம் கோரும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கக்கூடும். இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் தாங்கி நிற்பதால், பலர் அதைக் கண்டும் இனங்காணாமல் கடந்துவிடுகின்றனர். சோதனையைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழிகள் பரவலாகச் சொல்லப்பட்டாலும், தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதியளிக்காததால், வீட்டாரின் அன்றாடப் பயன்பாட்டுக்குரிய கணினியில் அவற்றைக் கையாளக் கூடாது.

மிகுதியானோர் இடறி விழுவது இரண்டாம் கட்டத்தில்தான். டிஸ்க்குகளின் பட்டியல் தெரிகிறது, இடமும் போதுமான அளவு இருக்கிறது, ஆயினும் இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ இயலாது என்ற செய்தி வருகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதென்று எண்ணிப் புதியது வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் இது கணினி பூட் ஆன முறைக்கும் டிஸ்க்கின் அமைப்பு முறைக்கும் இடையிலான பொருத்தமின்மை மட்டுமே. ஒரு டிஸ்க் எத்தனை பிரிவுகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணை இருவகைப்படும். 1983-இல் டாஸ் 2.0 பதிப்புடன் வந்த எம்பிஆர் என்னும் பழைய வகை, நான்கு முதன்மைப் பிரிவுகளையும் ஏறத்தாழ 2 டிபி அளவையும் மட்டுமே தாங்கும். ஜிபிடி என்னும் புதிய வகை, விண்டோஸில் 128 பிரிவுகள் வரை இடமளிப்பதோடு, அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கிறது. அதேபோல், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளும் பழைய பயாஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை என இருவிதமாக இயங்கும். யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆன நிறுவி ஜிபிடி டிஸ்க்கையே ஏற்கும். பழைய முறையில் பூட் ஆன நிறுவி எம்பிஆர் டிஸ்க்கையே ஏற்கும்.

எனவே டிஸ்க்கைத் தொடுவதற்கு முன், பென்டிரைவ் எந்த முறையில் பூட் ஆனது என்பதைக் காண வேண்டும். கணினியை இயக்கியவுடன் பூட் பட்டியலுக்குரிய விசையை (டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பி கணினிகளில் எஃப்9) அழுத்தினால், இரு முறைகளையும் ஆதரிக்கும் கணினிகளில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில் தோன்றும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல் இருக்கும், மற்றொன்றில் நிறுவனப் பெயர் மட்டும் இருக்கும். விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ முறையையே கோருவதால், அச்சொல் உள்ள வரியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். டிஸ்க் ஜிபிடி வகையைச் சேர்ந்தது என்று கூறி நிறுவி மறுத்தால், தவறான வரி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே பொருள். கணினியை மறுபடி இயக்கிச் சரியான வரியைத் தேர்ந்தால் பழுது அத்துடன் தீர்ந்துவிடும், டிஸ்க்கில் எதையும் அழிக்கத் தேவையில்லை.

டிஸ்க் எம்பிஆர் வகை என்று கூறி மறுத்தால் மட்டுமே அதை மாற்ற வேண்டும். பழைய விண்டோஸ் 10 நல்ல நிலையில் இருந்து, அதிலுள்ளவை காக்கப்பட வேண்டும் எனில், 2017-இல் வெளிவந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி, கோப்புகளை அழிக்காமல் அட்டவணையை மட்டும் மாற்றித் தரும். இது இயங்குதளம் உள்ள டிஸ்க்குக்கு மட்டுமே பயன்படும், முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். முதலில் வேலிடேட் என்னும் சோதனைக் கட்டளையை இயக்கி, அது வெற்றியென்று காட்டிய பின்னரே கன்வர்ட் கட்டளையை இட வேண்டும்.

காக்க வேண்டியது எதுவும் இல்லாத டிஸ்க்கிற்கு டிஸ்க்பார்ட் என்னும் கருவியே நேரான வழி. நிறுவல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கறுப்பு நிறக் கட்டளைச் சாளரம் திறக்கும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் உடன் அழுத்த வேண்டியிருக்கும். டிஸ்க்பார்ட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நுழைந்து, லிஸ்ட் டிஸ்க் என்று கட்டளையிட்டால், இணைந்துள்ள டிஸ்க்குகள் எண்ணுடனும் அளவுடனும் வரிசையாகத் தோன்றும். 1 டிபி டிஸ்க் அங்கே 931 ஜிபி என்றும், 16 ஜிபி பென்டிரைவ் 14 ஜிபி என்றும் தெரியும். வலக்கோடியில் ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் உடுக்குறி இருந்தால் அது ஜிபிடி டிஸ்க், வெறுமையாக இருந்தால் எம்பிஆர். உரிய எண்ணைச் செலக்ட் டிஸ்க் கட்டளையால் தேர்ந்தெடுத்ததும் மீண்டும் ஒருமுறை லிஸ்ட் டிஸ்க் இட்டு, உடுக்குறி இப்போது எந்த வரியின் தொடக்கத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே கிளீன் என்ற கட்டளையை இட வேண்டும்; அது உறுதிகேட்காமல் நொடிப்பொழுதில் அட்டவணை முழுவதையும் அழித்துவிடும். தொடர்ந்து கன்வர்ட் ஜிபிடி என்று இட்டு வெளியேறி, பட்டியலைப் புதுப்பித்து, ஒதுக்கப்படாத இடம் என்று காட்டும் வரியை அப்படியே தேர்ந்து மேலே செல்ல வேண்டும். பிரிவுகளைக் கையால் உருவாக்குவது வீண் வேலை. பூட் கோப்புகளுக்கான 100 எம்பி பிரிவு உட்படத் தேவையான அனைத்தையும் நிறுவியே அமைத்துக்கொள்ளும்.

இந்த வேலை நடக்கும்போது கணினியில் ஒரே ஒரு டிஸ்க் மட்டுமே இணைந்திருக்க வேண்டும் என்பதை மாற்றமில்லாத விதியாகக் கொள்வது நல்லது. தவறான டிஸ்க்கை அழிக்கும் ஆபத்து நீங்குவதோடு, பூட் கோப்புகள் ஒரு டிஸ்க்கிலும் விண்டோஸ் மற்றொன்றிலும் பதிவாகி, பின்னாளில் பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி எழ மறுக்கும் சிக்கலும் இதனால் தவிர்க்கப்படும்.

பட்டியலில் டிஸ்க்கே தோன்றாத நிலை வேறு வகையைச் சேர்ந்தது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான மடிக்கணினிகளில் விஎம்டி என்னும் சேமிப்பக நிர்வாக ஏற்பாடு இயங்கினால், அதற்குரிய டிரைவர் இல்லாத நிறுவிக்கு எஸ்எஸ்டி கண்ணில் படாது. அந்த டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கி, சுருக்கத்தை விரித்து, ஐஎன்எஃப் கோப்புகள் அடங்கிய கோப்புறையைப் பென்டிரைவில் வைத்து, லோட் டிரைவர் பொத்தான் வழியாகக் காட்ட வேண்டும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தோன்றும். ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதன்பின் எழாமல் போகலாம் என்பதால், முழுவதையும் அழித்து நிறுவும்போது மட்டுமே அவ்வழி பொருந்தும்.

மூன்றாம் கட்டத்தில், கோப்புகள் பாதியில் நின்று, அவை சிதைந்துள்ளன என்ற செய்தி வந்தால், பதிவிறக்கத்தையே முதலில் ஐயுற வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பின் எஸ்எச்ஏ256 மதிப்பு என்பது அக்கோப்பின் கைரேகையைப் போன்ற 64 எழுத்துத் தொடர். மற்றொரு கணினியில் செர்ட்யுடில் கருவியால் அதைக் கணக்கிட்டு, மைக்ரோசாஃப்ட் வெளியிடும் மதிப்புடன் ஒப்பிட்டால் ஐயம் தீரும். அது சரியாக இருப்பின் பென்டிரைவையும் யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால், ராம் பழுதாக இருக்கக்கூடும். இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு முயல்வது விரைவான சோதனை, மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவது உறுதியான சோதனை.

முதல் மறுதொடக்கத்துக்குப் பின் நிறுவி மீண்டும் முதல் திரையைக் காட்டினால், பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்குவதே போதுமானது. நிறுவல் முடிந்தும் பூட் ஆக எதுவும் இல்லை என்று திரை கூறினால், பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜர் பட்டியலின் முதலிடத்தில் உள்ளதா என்று காண வேண்டும். அப்பெயரே இல்லாதபோது, மீண்டும் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, கட்டளைச் சாளரத்தில் டிஸ்க்பார்ட் வழியாக அந்த 100 எம்பி பிரிவுக்கு எஸ் என்ற எழுத்தைச் சூட்டி, பிசிடிபூட் கருவியால் பூட் கோப்புகளை அங்கே புதிதாக எழுதலாம். நிறுவல் சூழலில் விண்டோஸ் உள்ள டிரைவ் சி என்ற எழுத்தையே தாங்கியிருக்கும் என்று கொள்ளக் கூடாது. லிஸ்ட் வால்யூம் கட்டளையால் அதன் எழுத்தைப் பார்த்து, அதையே கட்டளையில் இட வேண்டும்.