சிறிய எஞ்சினின் பெரிய மூச்சு

(முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

விடுதியில் ஒரு நாள் இரவு, உணவு முடிந்தபின் நண்பர்கள் மூவர் என் அறைக்கு வந்தனர். பழைய மாருதி 800 கார் ஒன்றை மூவரும் பணம் சேர்த்து வாங்கப் போவதாகவும், அதற்கு நான் டர்போ பூட்டித் தர வேண்டும் என்றும், பூட்டியபின் கழக்கூட்டம் புறவழிச் சாலையில் நள்ளிரவில் ஓட்டிப் பார்க்கப் போவதாகவும் கூறினர். "கோவையில் நீ இதைச் செய்தாயாமே?" என்றார் ஒருவர். செய்தது உண்மை; செய்ததன் பயனைத் துய்த்ததும் உண்மை. அன்று அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்ன மறுமொழியை இங்கே முழுமையாக எழுதுகின்றேன்.

டர்போ எவ்வாறு வேலை செய்கின்றது? அதை வீட்டில் ஒரு சிறு காருக்குப் பூட்டினால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன? கையில் காசில்லாத மாணவன் பந்தயம் ஓட்ட நேர்மையான வழி உண்டா? இம்மூன்று வினாக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

எஞ்சினும் மூச்சும்

அடுப்பு மங்கினால் நம் பாட்டிமார் உடனே விறகைக் கூட்டமாட்டார்கள், ஊதுகுழலை எடுப்பார்கள். கொல்லன் உலைக்குத் துருத்தி வைத்திருப்பதும் இதே காரணம் பற்றித்தான். நெருப்பின் வலிமை விறகில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கின்றது.

மோட்டார் எஞ்சினுக்கும் இதுவே நியதி. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது எளிது. கார்புரேட்டரின் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். காற்றைக் கூட்டுவதுதான் அரிது. ஏனெனில் எஞ்சின் தன் உருளைகளின் கொள்ளளவுக்கு மேல் மூச்சிழுக்க இயலாது.

மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மூன்று உருளைகள், மொத்தக் கொள்ளளவு 796 கன செ.மீ. நான்கடிப்பு எஞ்சினாதலால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே ஒவ்வோர் உருளையும் காற்றை இழுக்கும். நிமிடத்திற்கு 5,500 சுற்று ஓடும்போது கணக்குப்படி சுமார் 2,190 லிட்டர் காற்று உள்ளே செல்ல வேண்டும். வால்வுகளும் குழாய்களும் தடுப்பதனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 1,750 லிட்டர் அளவே செல்கின்றது என்று கொள்வோம். அந்தக் காற்றுக்கு ஏற்ற திறன் சுமார் 40 குதிரை. இன்னும் வேண்டுமானால் ஒன்று எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். அல்லது காற்றை நெருக்கி உள்ளே திணிக்க வேண்டும்.

வீணாகும் வெப்பம்

பெட்ரோலின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகின்றது. மற்றொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும், இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடும் போய்விடுகின்றது. இப்புகை எஞ்சினை விட்டு வரும்போது 800 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கும். இதைக் கொண்டே காற்றை நெருக்கினால் என்ன என்று எண்ணியவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரெட் பியூக்கி. அவர் 1905இல் காப்புரிமை பெற்றார். டீசல் எஞ்சினில் வெற்றி கண்டது இருபது ஆண்டுகள் கழித்து, 1925இல். அதற்கிடையே 1918இல் அமெரிக்கரான சான்போர்டு மாஸ், விமான எஞ்சின் ஒன்றை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் மேலேற்றி, டர்போ பூட்டி ஓட்டிக் காட்டினார். மெல்லிய மலைக் காற்றில் இழந்த வலிமையை எஞ்சின் மீண்டும் பெற்றது.

அமைப்பு எளியது. ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரு சிறு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றும். மற்றொன்று வெளிக் காற்றை உறிஞ்சி நெருக்கி எஞ்சினுக்கு அனுப்பும். அத்தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்கி நிற்பது எண்ணெய்ப் படலம் ஒன்றே. அமுக்கம் மிகுந்துவிட்டால் புகையை வேறு வழியாகத் திருப்பிவிட வாய்க்கால் மடையைப் போன்ற சிறு கதவு ஒன்றும் உண்டு. அதனைத் தொழிற்பட்டறைகளில் வேஸ்ட்கேட் என்பர்.

இத்தத்துவத்தின் உறவினர் ஒருவர் நம் நகருக்கு அருகிலேயே இருக்கின்றார். வலியமலையில் உள்ள திரவ உந்து அமைப்பு மையத்தின் பொறுப்பில் உருவாகும் விகாஸ் எஞ்சினில், சூடான வாயு ஒரு டர்பைனைச் சுழற்ற, அது எரிபொருளையும் ஆக்ஸிகரணியையும் எரியறைக்குள் தள்ளும் பம்புகளை இயக்குகின்றது. வேறுபாடு ஒன்றே. ராக்கெட் அந்த வாயுவைத் தனியே எரித்து உண்டாக்குகின்றது. கார் தான் எறியும் புகையையே பயன்படுத்துகின்றது.

காகிதத்தில் ஒரு கணக்கு

"பாதி அமுக்கம் கூட்டினால் பாதித் திறன் கூடும்" என்று பலர் எண்ணுகின்றனர். வெப்ப இயக்கவியல் படித்தவர் அவ்வாறு எண்ணலாகாது. காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் பம்பின் அடி சுடுவதை அறிவர். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும்.

வெளிக் காற்று 30 டிகிரி என்போம். வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் 0.4 பார் ஏற்றுவோம், அமுக்கம் 1.4 மடங்காகின்றது. வெப்பம் வெளியேறாத நெருக்கத்தில் 31 டிகிரி ஏறும். சிறிய டர்போவின் செயல்திறன் 65 விழுக்காடு எனக் கொண்டால், ஏறுவது 47 டிகிரி. ஆகவே காற்று 77 டிகிரியில் எஞ்சினுக்குள் நுழைகின்றது. அடர்த்தியைக் கணக்கிட்டால் 1.4 மடங்கு அன்று, 1.21 மடங்கே. அக்காற்றை ஒரு குளிர்விப்பான் வழியாகச் செலுத்தி 45 டிகிரிக்கு இறக்கினால் 1.33 மடங்கு கிடைக்கும். அதே டர்போ, அதே அமுக்கம். ஆயினும் 40 குதிரை முதற்கணக்கில் 48 ஆகின்றது, இரண்டாம் கணக்கில் 53 ஆகின்றது. வேறுபாடு முழுவதும் குளிர்ச்சியினால் வந்தது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாருதி காரின் எடை சுமார் 650 கிலோ, ஓட்டுநரோடு 710. காரிலிருந்து 120 கிலோவைக் கழற்றிவிட்டால், 40 குதிரையைக் கொண்டே 48 குதிரையின் விரைவேற்றத்தைப் பெறலாம். இதற்கு ஸ்பானரும் பொறுமையும் போதும். எஞ்சினைத் தொடவே வேண்டா.

வலியறியாது ஏற்றினோம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் கோவையில் என் மாமன் மகனோடு இவ்வேலையில் இறங்கினேன். கூரையை அறுத்து, இரும்புக் குழாய்ச் சட்டம் பற்றவைத்து, இரண்டே இருக்கை வைத்த பழைய மாருதி அது. சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து டீசல் கார் ஒன்றின் பழைய டர்போவை அவன் வாங்கி வந்திருந்தான். செட்டிபாளையம் தடத்தில் முதற்பந்தயம் ஓட வேண்டும் என்பது அவன் பள்ளிப் பருவத்துக் கனவு. அதற்கென்று அத்தை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் வீட்டில் இருந்தது.

முதலில் 0.4 பார் வைத்தோம். தென்னந்தோப்பின் மண்பாதையில் கார் பாய்ந்த பாய்ச்சலில் இருவரும் மெய்ம்மறந்தோம். மறுநாள் பிற்பகல், "இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போமா?" என்றான் அவன். வேண்டா என்று சொல்லும் அறிவு எனக்கு இருந்திருக்க வேண்டும். இயற்பியல் படித்தவன் அவன் அல்லன், படித்தது நான்தான். நானே வேஸ்ட்கேட் கம்பியை முறுக்கி 0.8 ஆக்கினேன். ஐந்தாவது நிமிடம் எஞ்சினுள் கூழாங்கல் குலுங்கும் ஓசை எழுந்தது. பத்தாவது நிமிடம் நீலப் புகை. பிரித்துப் பார்த்தபோது நடு உருளையின் பிஸ்டன் தலையில் விரல் நுழையும் துளை இருந்தது.

காரணத்தைப் பின்னர்க் காகிதத்தில் கண்டேன். அன்று வெயில் 38 டிகிரி. குளிர்விப்பான் இல்லை. 0.8 பார் நெருக்கத்தில் காற்று 125 டிகிரி வரை சூடாகியிருக்கும். அவ்வளவு சூட்டில் நுழைந்த கலவை, பொறிச்சுடர் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே உருளையின் மூலைகளில் தானே வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கின்றோம். அந்தக் கூழாங்கல் ஓசை அதுவே. பொறி மூட்டும் நேரத்தை நாங்கள் பின்தள்ளவில்லை. கூடுதல் காற்றுக்கேற்பப் பெட்ரோலையும் கூட்டவில்லை. இத்தனைக்கும் கிடைத்தது என்ன? அடர்த்தி 1.40 மடங்கு. குளிர்விப்பான் வைத்து 0.4 பாரிலேயே இருந்திருந்தால் 1.33 கிடைத்திருக்கும். ஏழு விழுக்காட்டிற்காக எஞ்சினை எரித்தோம். சீட்டுப் பணம் பிஸ்டனுக்கும் உருளைக்கும் சென்றது. அவ்வாண்டு அவன் பந்தயம் ஓடவில்லை. அத்தை என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்நாக்கிங் பெரியவர்களையும் விட்டதில்லை. 1962இல் டர்போவோடு விற்பனைக்கு வந்த முதற்கார்களுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், இதைத் தடுக்கவே வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. அத்தொட்டியை நிரப்ப வாங்கியவர்கள் மறந்தனர். நாளடைவில் பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. மாறாக, 1987இல் ஜப்பானில் வந்த சுசுகி ஆல்டோ ஒர்க்ஸ் காரைப் பாருங்கள். நம் மாருதி எஞ்சினின் இனத்தைச் சேர்ந்த, வெறும் 543 கன செ.மீ. எஞ்சின், திறனோ 64 குதிரை. டர்போவுக்கென்றே உருவாக்கிய எஞ்சின் அது. டர்போவை வாங்கிப் பூட்டுவது வேலையின் முதற்பகுதியே. அதைத் தாங்குமாறு எஞ்சினை ஆக்குவதே பெரும்பகுதி.

எளியோர்க்குப் பந்தயம் உண்டா?

உண்டு. அதற்கு நம் தமிழகத்திலேயே வரலாறும் உண்டு. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடத்தியது. பியட், ஹெரால்டு முதலிய வீட்டுக் கார்களையே திருத்தி அங்கே ஓட்டினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத பெயர் கோவை கரிவரதன். மாருதி 800 எஞ்சினையே கொண்டு, ஒருவர் அமரும் பந்தயக் காரை 1980களின் பிற்பகுதியில் அவர் வடித்தார்; அதுவே பார்முலா மாருதி. எல்லார்க்கும் ஒரே எஞ்சின். எனவே வெல்வது பணம் அன்று, திறமை. அப்பந்தயத்தில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைக் காண உயிரோடு இல்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பொறியியல் மாணவர் தாமே செய்த கார்களைக் கொண்டுவரும் பார்முலா பாரத் போட்டியும் அங்கே நடைபெறுகின்றது.

இங்கிலாந்திலும் இப்படியே. 1939இல் தோன்றிய 750 மோட்டார் கிளப், 747 கன செ.மீ. எஞ்சின் கொண்ட ஆஸ்டின் செவன் என்னும் ஏழைக் காரைச் சுற்றியே வளர்ந்தது. அதே காரைத் திருத்தி 1948இல் தம் முதற்காரைச் செய்தவர் காலின் சாப்மன். பின்னர் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. எடையைக் குறைப்பதே அவர் கையாண்ட தலையாய உத்தி. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய லெமன்ஸ் பந்தயம், காருக்கு 500 டாலருக்கு மேல் செலவிடலாகாது என்றே விதி வகுத்தது. எங்கும் எளியோரின் பந்தயத்தை வாழவைத்தது ஒரு வரம்புதான் என்பதைக் கருதுக.

சாலை தடம் அன்று

இனி என் நண்பர்களின் புறவழிச் சாலைக்கு வருவோம். சட்டம் தெளிவாக உள்ளது. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். வாகனத்தை உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாகத் திருத்தலாகாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

சட்டத்தை விடுங்கள், இயற்பியலைப் பாருங்கள். விரைவு இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். எஞ்சினுக்கு டர்போ பூட்டுகின்றோம். பிரேக்குக்கு எதைப் பூட்டினோம்? தடத்தில் எதிரே வண்டி வராது. மருத்துவ வண்டி காத்து நிற்கும். தலைக்கவசம் இன்றி உள்ளே விடமாட்டார்கள். நள்ளிரவுச் சாலையிலோ, கடை சாத்திவிட்டு விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவர் எதிரே வருவார். அவர் நம் பந்தயத்தில் சேர ஒப்பவில்லை.

முயல்வோர்க்குச் சில சொற்கள்

1. முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து எடைக் குறைப்பு, டர்போ கடைசி.

2. 0.3 அல்லது 0.4 பாரில் நில்லுங்கள். அமுக்கமானி, கலவைமானி இரண்டும் இன்றி எஞ்சினை முடுக்காதீர்.

3. குளிர்விப்பானை விருப்பப் பொருளாக எண்ணாதீர். அது டர்போவின் பாதி.

4. ஓடி வந்தவுடன் எஞ்சினை அணைக்காதீர். ஓரிரு நிமிடம் மெதுவாய் ஓடவிடுங்கள். இல்லையேல் டர்போவுக்குள் நின்ற எண்ணெய் கருகிக் கரியாகும்.

5. திருத்திய காரைத் தடத்திற்கு ஓட்டிச் செல்லாதீர், ஏற்றிச் செல்லுங்கள்.

என் மாமன் மகன் எஞ்சினை மீண்டும் கட்டினான். இம்முறை கணக்கை முதலில் நான் போட்டேன். ஸ்பானரைப் பிறகு அவன் எடுத்தான். 0.3 பார், பழைய குளிர்விப்பான் ஒன்று, பின்தள்ளிய பொறிநேரம். சென்ற ஆண்டு இறுதியில் குட்டியானையில் காரை ஏற்றிச் செட்டிபாளையத்துக்குக் கொண்டு சென்று, ஒரு பயிற்சி நாளில் ஓட்டினான். கோப்பை ஏதும் கிடைக்கவில்லை. இருபது சுற்று ஓடிய எஞ்சின் முழுதாய் வீடு திரும்பியது. அத்தை அன்று தடத்தின் வேலி ஓரத்தில் நின்று, ஒவ்வொரு சுற்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

நண்பர் மூவருக்கும் என் மறுமொழி இதுதான்: காரை வாங்குங்கள், நானும் வருகின்றேன். ஆனால் முதல் மாதம் காகிதமும் பென்சிலும். ஓட்டுவது தடத்தில் மட்டும்.