சக்கரக் காற்றும் மஞ்சள் விளக்கும்

பொதிகை மலையினின்று இறங்கி வரும் பொருநையாறு சமவெளியில் அடிவைக்கும் இடம் பாபநாசம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து வரும் சாலை, இங்குள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வேறொரு சாலையாகிவிடுகின்றது. அதுவரை வயலும் வாய்க்காலுமாக இருந்த வழி, அப்பால் காட்டினூடே வளைந்து வளைந்து ஏறுகின்றது. காரையாறு அணைக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் செல்வோர்க்கு இதுவே வழி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் செல்லும் இவ்வழியில் கார்ச்சக்கரத்தின் காற்று இறங்கிவிட்டால், கீழே இறங்கி நின்று சக்கரம் மாற்றுதல் எளிய செயலன்று. யானைகள் நடமாடும் இடத்தில் பஞ்சர் கடை ஏது? ஆதலின், ஓட்டுநரின் எதிரே எரியும் ஒரு சிறு மஞ்சள் விளக்கின் பொருளை அறிந்திருத்தல் இங்கு மிகவும் வேண்டற்பாலது.

அவ்விளக்கின் வடிவம், வாய் மேல்நோக்கிய குதிரை லாடம் போன்றது. அடியில் சிறு பற்களும் நடுவில் ஒரு வியப்புக்குறியும் காணப்படும். டயரைக் குறுக்கே வெட்டினால் தோன்றும் உருவம் அது. லாடத்தின் சாயல் அதற்கு அமைந்தது ஒருவகையில் வேடிக்கையே. ஒரு காலத்தில் டயருக்குப் பெரும் பகையாயிருந்தது லாட ஆணிதான். திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், 1911ஆம் ஆண்டில் மதுரையில் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். மாடுகளின் காலிலிருந்தும் குதிரைகளின் காலிலிருந்தும் கழன்று சாலையில் கிடந்த ஆணிகள் அவருடைய பேருந்துகளின் டயர்களைக் கிழித்தன. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு, அவ்வாணிகளை அவர் அகற்றச் செய்தார் என்று கூறுவர்.

ஆணியால் வரும் கேட்டை உடனே உணரலாம். சிறிது சிறிதாகக் காற்றுக் குறைவதனால் வரும் கேடோ கண்ணுக்குப் புலனாவதில்லை. குறையேதுமில்லாத டயரிலும் மாதந்தோறும் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் தானே குறையும். இக்காலத்து ரேடியல் டயர்கள், காற்று நிறைந்திருக்கும்போதும் அடியில் சற்றுப் பிதுங்கியே காணப்படும். ஆகவே, கால்பங்கு காற்றுக் குறைந்த டயரும் நல்ல டயரும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். லாரி ஓட்டுநர்கள் புறப்படுமுன் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பர். சந்தையில் பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதைப் போன்றது இது. முற்றும் காற்றிழந்த டயரை ஓசை காட்டிக்கொடுக்கும். கால்பங்கு குறைந்ததை அது பெரும்பாலும் காட்டாது.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர், ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கின்றது. ஒரு கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் அது சுடுவதை நாம் அறிவோம். டயரும் அவ்வாறே சூடேறும்; சூடு மிகுந்தால் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் பிரிந்து டயர் வெடிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்னும் கார்களில் பூட்டப்பெற்ற ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிரிந்தன. அதனால் நேர்ந்த விபத்துகளில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டயர்களின் அமைப்பிலிருந்த குறையோடு, காற்றழுத்தக் குறைவும் வெயிலும் சேர்ந்தே அத்தீங்கை விளைவித்தன. 2000ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டத்தின் பயனாகவே, புதிய கார்களில் இவ்விளக்கு கட்டாயமாயிற்று. 1986ஆம் ஆண்டிலேயே போர்ஷே 959 என்னும் விலையுயர்ந்த காரில் இக்கருவி இருந்தது. எளியோரின் காருக்கு அது வருவதற்கு இத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது!

காற்றுக் குறைவைக் கார் அறிந்துகொள்ளும் வழி இரண்டு. சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் ஒரு சிறு உணர்கருவி இருந்து, அழுத்தத்தை அளந்து வானொலி அலைகளாய் அறிவிக்கும். வேறு சிலவற்றில் அளப்பதே இல்லை. எண்ணுவது மட்டுமே உண்டு. காற்றுக் குறைந்த சக்கரம் சிறிது சிறுத்துவிடுதலால், அதே தொலைவைக் கடக்க மற்றச் சக்கரங்களைவிட மிகுதியாகச் சுழலும். அவ்வேறுபாட்டைக் கணித்து விளக்கு எரியும். ஆயின் நான்கு சக்கரங்களும் ஒருங்கே காற்றிழந்தால், எண்ணும் முறை ஏமாந்து போதலும் உண்டு.

பாபநாசத்திற்கு வருவோர் பலர் செய்யும் பிழை ஒன்று உளது. நண்பகல் வெயிலில் திருநெல்வேலியிலிருந்து ஓடிவந்த காரின் டயருக்குள் காற்று 60 பாகை செல்சியசு வரை சூடேறியிருக்கலாம். காலையில் 33 பவுண்டாக இருந்த அழுத்தம் அப்போது 37 காட்டும். “மிகுதியாயிற்று” என்று எண்ணி 33க்கு இறக்கிவிடுவர். இரவு மலைக்காற்றில் கார் குளிர்ந்து, விடியலில் டயரின் வெப்பம் 24 பாகைக்கு வரும்போது அழுத்தம் 28ஆகத் தாழ்ந்திருக்கும். மேலும் இரண்டு மூன்று பவுண்டு கசிந்தால் போதும். வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைந்த நிலை வந்து விளக்கு எரியும். சில கார்களில், சிறிது தொலைவு ஓடி டயர் சூடேறியதும் அது தானே அணைந்துவிடும். அணைந்ததனால் காற்று நிரம்பிற்று என்று கொள்ளலாகாது, சூடுதான் ஏறிற்று. கார் மூன்று மணி நேரமேனும் நின்றபின் அளப்பதே சரியான அளவு. அவ்வளவு இன்னதென்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் காணப்படும். டயரின் மேல் பொறித்திருக்கும் எண்ணோ, அது தாங்கக்கூடிய மேல் எல்லை. பொங்கற் பானையும் அரிசி மூட்டையுமாகக் குடும்பம் முழுதும் ஏறிச் செல்லும் காருக்கு, மிகுந்த பாரத்திற்கென அச்சீட்டில் தனி அளவு இருப்பின் அதனையே கொள்ளவேண்டும்.

பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி. அன்றாட நீர்மட்டத்தை அளப்பது வேறு. வெள்ள அபாயம் என்று கரையோர மக்களை எச்சரிப்பது வேறு. இவ்விளக்கு இரண்டாவதைப் போன்றது. காற்று 32 ஆயினும் 29 ஆயினும் அது வாய் திறவாது.

விளக்கு எரியுமாயின் திடீரெனப் பிரேக்கை மிதியாது, வேகத்தை மெல்லக் குறைத்து, சமமான இடத்தில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். சோதனைச் சாவடிக்கு இப்புறம் எரிந்தால், விக்கிரமசிங்கபுரத்திற்குத் திரும்புதல் நலம். 2020ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி, டியூப் இல்லாத டயரும் இக்கண்காணிப்புக் கருவியும் ஓட்டையடைக்கும் பொருள்களும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமன்று. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தபின்னரே மலையேறவேண்டும்! காரை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கி மினுக்கிப் பின் நிலைத்து எரிந்தால், பெரும்பாலும் கெட்டது அக்கருவியேயாம். உணர்கருவியின் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடுதலும் உண்டு. அது பழுது பார்க்கப்படும் வரையில், கையில் பிடித்தளக்கும் அழுத்தமானியே துணை.